தீவுக்கு எத்தனை பேர்? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு விரிவான பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்துக் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு ஆண்டுதோறும் பெர்ஹெந்தியான் தீவுக்குப் பேருந்துப் பயணம் ஏற்பாடு செய்யும் தம்பி ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். கலாபகோஸ் தீவுகளைப் போல நம் கிழக்குக் கரைத் தீவுகளிலும் பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்துவிட்டால் பவளப்பாறைகள் பிழைத்துக்கொள்ளுமா என்பது முதல் கேள்வி. அப்படி வரம்பு வைத்தால் தோட்டத்துச் சம்பளக்காரர்கள் தீவைக் கண்ணாலும் பார்க்க முடியாமல் போய்விடாதா என்பது இரண்டாவது. பிள்ளைகள் மீனுக்கு ரொட்டி போடலாமா என்பது மூன்றாவது.

நான் இதே ஊரில், இன்று செம்பனையாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் தீவு விடுதிகளுக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகள் அமைப்பதும் பழுது பார்ப்பதுமே என் தொழிலாக இருந்தது. ஆகவே என் பதில் கடற்கரைப் பக்கமிருந்து வராமல் கழிவறைப் பக்கமிருந்துதான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை வரம்பு தேவைதான், ஆனால் அது மட்டும் எந்தத் தீவையும் காப்பாற்றியதாக நான் அறியேன். கலாபகோஸையே எடுத்துக்கொள்வோம். எக்குவடோர் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் பசிபிக் கடலில் கிடக்கும் அத்தீவுக்கூட்டம் 1959-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலப்பரப்பில் 97 விழுக்காடு பூங்கா, மீதி 3 விழுக்காட்டில்தான் மக்கள் வாழலாம். 1978-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் முதலில் ஏறிய இடங்களுள் அதுவும் ஒன்று. அங்கே 1970-களிலேயே ஆண்டுக்கு 12,000 பேர் என்று ஒரு வரம்பு முன்மொழியப்பட்டது. அடுத்த பத்தாண்டில் அது 25,000 ஆயிற்று. இன்று அங்கே போகிறவர்கள் ஆண்டுக்கு 3 லட்சத்தைத் தொடுகிறார்கள். வரம்பு எழுதப்பட்ட காகிதம் அப்படியே இருக்க, வரம்பு மட்டும் நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. விமானம், விடுதி, படகு என்று ஒவ்வொன்றிலும் ஒருவர் முதல் போட்டு வைத்திருக்கும்போது எண்ணிக்கை ஒன்றுதான் எல்லாவற்றிலும் எளிதாக வளைந்துகொடுக்கும்.

அப்படியிருந்தும் கலாபகோஸ் ஓரளவு தாக்குப்பிடித்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் வேறு. அங்கே எத்தனை பேர் என்பதைவிட, யார் எந்த நாளில் எந்த இடத்தில் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதுதான் கட்டுக்குள் இருக்கிறது. கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. கரையிறங்கினால் பூங்காவின் உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டிக்கு 16 பேர்தான். கயிறோ குச்சியோ நட்டுக் காட்டிய பாதையை விட்டு விலக முடியாது. விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு கப்பல் ஓர் இடத்துக்குப் போனால் அதே இடத்துக்கு மறுபடி வர இரண்டு வாரம் ஆகும்படி பயண அட்டவணையே பூங்கா நிர்வாகத்தால் வகுக்கப்படுகிறது.

இது நம் தோட்டத்து ஆட்களுக்குப் புரியாத கணக்கன்று. பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், பெயர் கொடுத்தவுடன் யாரும் விருப்பப்பட்ட ரப்பர் மரத்தில் போய்ப் பால் வெட்டிவிட முடியாது. அவரவருக்கு நிரை உண்டு, இன்று வெட்டிய மரத்துக்கு நாளை ஓய்வு உண்டு. உளி ஆழமாகப் பட்டால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் காயம்பட்ட பட்டை மீண்டும் வளரும்போது முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். ஓய்வே கொடுக்காமல் வெட்டினால் பால் வற்றி மரமே காய்ந்துவிடும். ஒரு தோட்டத்தில் எத்தனை வெட்டுக்காரர்கள் என்று மட்டும் கேட்டு அத்தோட்டத்தின் மரங்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்லிவிட முடியுமா? தீவும் அப்படித்தான்.

ஆனால் பயணியின் கால்தடத்தைவிடப் பெரிய ஆபத்து, பயணிக்காக வந்து இறங்கும் சரக்கில் இருக்கிறது. இதை நான் பெர்ஹெந்தியானுக்குப் படகு ஏறும் கோலா பெசுட் படகுத்துறையில்தான் முதலில் உணர்ந்தேன். விடியற்காலையில் அங்கே நின்று பாருங்கள். பயணிகள் வருவதற்கு முன்பே முட்டை அட்டைகள், கேஸ் சிலிண்டர்கள், ஐஸ் பெட்டிகள், சிமெண்ட் மூட்டைகள், போத்தல் தண்ணீர்க் கட்டுகள் என்று படகுகள் நீர்மட்டம் விளிம்பைத் தொடும் அளவுக்கு நிரம்பியிருக்கும். அதே படகுகள் மாலையில் திரும்பும்போது நீரில் மேலெழும்பி மிதந்துகொண்டு வரும். போன எடையில் பெரும்பகுதி எங்கே தங்கியது என்று யாரும் அங்கே கேட்பதில்லை. தீவுக்குள் போகும் ஒவ்வொரு கிலோவும் உணவாகி, கழிவாகி, குப்பையாகி அங்கேயே இருக்கும். அல்லது கரைக்குத் திரும்ப வேண்டும். மூன்றாவது வழி இல்லை.

லார்ட் ஹோவ் தீவின் கதை இதற்குச் சரியான சான்று. ஆஸ்திரேலியக் கரையிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அத்தீவுக்கூட்டம் 1982 முதல் உலகப் பாரம்பரிய இடம். ஒரே நேரத்தில் 400 பயணிகளுக்கு மேல் அங்கே தங்க முடியாது. அங்கே நிலையாக வாழ்பவர்களும் ஏறத்தாழ அதே அளவினர்தான். எண்ணிக்கை வரம்பு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படும் அபூர்வமான இடம். ஆனாலும் அத்தீவுக்கு மிகப் பெரிய கேட்டைச் செய்தது பயணிகள் கூட்டமன்று. 1918-ல் மக்காம்போ என்ற ஒரே ஒரு கப்பல் தரைதட்டியபோது அதிலிருந்து நீந்திக் கரையேறிய எலிகள். உலகில் வேறெங்கும் இல்லாத ஐந்து வகைப் பறவைகள் அந்த எலிகளால் அற்றுப்போயின. எலியை அடக்க 1920-களில் ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். செம்பனைத் தோட்டத்தில் ஆந்தைப் பெட்டி வைத்து எலியை அடக்கும் நமக்கு இது நல்ல யோசனையாகத்தான் தோன்றும். நம் செம்பனையில் ஆந்தைக்கு எலியை விட்டால் வேறு பெரிய இரை இல்லை, அதனால் அது எலியோடு நிற்கிறது. அங்கேயோ தரையில் கூடு கட்டும் பறவைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் ஆந்தைகளும் அவற்றைத் தின்னத் தொடங்கின. நூறாண்டுக்குப் பிறகு, 2019-ல்தான் தீவு முழுவதும் நச்சு இரை வைத்து எலிகளை ஒழிக்க முடிந்தது. 2021-ல் மறுபடியும் இரண்டு எலிகள் கண்ணில் பட்டபோது ஊரே பதறி, மோப்ப நாய்களைக் கொண்டு தேடினார்கள். இரண்டு எலிகளுக்காகவா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். அவர்கள் நூறாண்டு பட்டவர்கள்.

கலாபகோஸிலும் இதே கதை வேறு விலங்குகளோடு நடந்தது. ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் இறைச்சிக்காக விட்டுச்சென்ற ஆடுகள் பெருகி, ராட்சத ஆமைகளின் மேய்ச்சலையும் நிழலையும் அழித்தன. 1997 முதல் 2006 வரை நடந்த ஒரு திட்டத்தில் மட்டும் 1,40,000-க்கும் மேற்பட்ட ஆடுகளை அழிக்க வேண்டியிருந்தது. ஹெலிகாப்டரிலிருந்து சுட்டும் மறைந்துகொண்டவற்றை, கழுத்தில் ரேடியோ கட்டிய ஆடுகளைக் கூட்டத்துக்குள் அனுப்பிக் கண்டுபிடித்தார்கள். ஆடு கூட்டத்தை விட்டுத் தனியே இருக்காது என்பது ஆடு வளர்த்த எவருக்கும் தெரிந்ததுதான். இன்றைக்கு அங்கே தலைவலி, குருவிக் கூட்டுக்குள் முட்டையிடும் ஒரு வகை ஈ; அதன் புழுக்கள் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. அதனால்தான் அங்கே விமானத்துக்குள் மருந்து தெளிக்கிறார்கள், பெட்டிகளைச் சோதிக்கிறார்கள், பழத்தையும் விதையையும் பிடுங்கிவைக்கிறார்கள். பயணியின் எண்ணிக்கைக்கு முன்னால் அவருடைய பை எண்ணப்படுகிறது.

சரக்கு என்றால் எரிபொருளும் சேர்ந்ததே. 2001 ஜனவரியில் ஜெசிக்கா என்ற எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவருகே தரைதட்டியது. கொட்டிய எண்ணெயில் ஒரு பகுதி ஒரு சுற்றுலாக் கப்பலுக்காகக் கொண்டுவரப்பட்டது. காற்றும் நீரோட்டமும் எண்ணெயை வேறு பக்கம் கொண்டுபோனதால் தப்பித்தோம் என்று அப்போது நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் பலர். ஆனால் அடுத்த ஓராண்டுக்குள் அருகிலிருந்த சாந்தா ஃபே தீவில் கடல் உடும்புகளில் 60 விழுக்காட்டுக்கும் மேல் செத்துப்போயின. கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய், அவற்றின் குடலில் பாசியைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கெடுத்திருக்கலாம் என்பது ஆராய்ந்தவர்கள் சொன்ன விளக்கம்.

குடலில் உள்ள நுண்ணுயிர் என்றதும் என் தொழிலுக்கு வந்துவிட்டேன். தீவு விடுதியின் சுத்திகரிப்புத் தொட்டியும் ஒரு குடல்தான். உள்ளே உயிரோடு இருக்கும் நுண்ணுயிர்கள்தாம் கழிவைத் தின்று நீரைத் தெளியவைக்கின்றன. நம் கிழக்குக் கரைத் தீவுகள் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றால் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். இந்த ஓய்வைப் பற்றி எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள், பவளத்துக்கு அது நல்லதும்கூட. ஆனால் நான்கு மாதம் யாரும் தங்காத விடுதியில் தொட்டிக்குள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் பசியால் செத்துவிடுகின்றன. மார்ச்சில் கதவு திறந்து அறைகள் நிரம்பும்போது தொட்டி பெயருக்குத்தான் இருக்கும்; அது மீண்டும் உயிர்பெறச் சில வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் வெளியேறும் நீர் சுத்தமானதாகத் தோன்றலாம், ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அப்படியே கடலுக்குப் போகின்றன. பவளப்பாறை வளம் குறைந்த தெளிந்த நீரில்தான் வாழும். உரம் கலந்தால் பாசி வளர்ந்து அதை மூடிவிடும். கிளைவிடும் பவளம் நல்ல இடத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வளரும்; உருண்டைப் பாறை போன்ற வகை 1 சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. பாசியோ ஒரு வாரத்தில் பச்சைப் போர்வை விரித்துவிடும்.

ஒரு முறை பள்ளி விடுமுறையில் ஒரு விடுதிக்கு என்னை அவசரமாக அழைத்தார்கள். சமையலறைக்குப் பின்னால் வாடை தாங்கவில்லை என்று புகார். மூடியைத் திறந்தால் மேலே ஒரு சாண் கனத்துக்குச் சமையல் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது. எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டியை அந்தப் பருவம் முழுவதும் யாரும் வழித்தெடுக்கவில்லை. துப்புரவுப் பெண், பாவம், நாற்றம் போகட்டும் என்று தினமும் ஒரு கேன் குளோரின் ஊற்றியிருக்கிறார்; மிச்சமிருந்த நுண்ணுயிர்களும் அதோடு தீர்ந்தன. தொட்டி கட்டப்பட்டது அறுபது பேருக்கு. அன்றிரவு விரிப்புப் போட்டுப் படுத்தவர்களையும் சேர்த்து அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நீர் வற்றியிருந்த நேரம் கரையில் இறங்கி வெளிவாய்க் குழாயைப் பார்த்தேன். லயத்துக் கால்வாய் ஓரத்தில் வழுவழுவென்று படியுமே, அதே பச்சை, குழாய் வாயிலிருந்து விசிறி போல விரிந்து பவளத்தின் மேல் படிந்திருந்தது. பத்து அடி தள்ளிப் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் ஒரு பவளத்தையும் மிதிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறு மணல் தீவின் நன்னீர் என்பது பெரும்பாலும் மணலுக்கடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும் மழைநீர்தான். கிணற்றிலிருந்து அளவுக்கு மேல் இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலேறிவிடும். அதே மணலில்தான் கழிவும் இறங்குகிறது. பவள மணல் சல்லடை போன்றது, தேக்கிவைக்காது. ஆகவே ஒரு தீவு எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்கு நான் கேட்பது கடற்கரையின் நீளத்தையன்று. வறண்ட மாதத்தில் கிணறு எத்தனை லிட்டர் கொடுக்கும், தொட்டி எத்தனை லிட்டரை வாங்கிச் சுத்தம் செய்யும் என்ற இரண்டையும்தான். இவ்விரண்டில் எது சிறியதோ அதுவே அத்தீவின் எண்ணிக்கை. அந்த எண் விடுதிக்கு விடுதி, மாதத்துக்கு மாதம் மாறும். ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் என்று கோலாலம்பூரிலிருந்து எழுதும் ஓர் எண்ணுக்குள் அது அடங்காது.

இதை ஏன் நம் நாட்டில் செய்ய முடிவதில்லை என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் உண்டு. ரெடாங், தியோமான், பாயார் முதலிய தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ், 1994-ல் அரசிதழில் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை அது கூட்டரசின் பொறுப்பு. தீவின் நிலமோ மாநிலத்தின் பொறுப்பு. ஆகவே பூங்கா அதிகாரி பவளத்தின் மேல் நங்கூரம் போடும் படகுக்காரரைப் பிடிக்கலாம். நங்கூரத்துக்குப் பதிலாக மிதவைகளைக் கட்டிவைத்திருக்கிறார்கள், அது நல்ல வேலை. ஆனால் அதே பவளத்தின் மேல் குழாயை நீட்டும் விடுதியின் கட்டட அனுமதி அவர் கையில் இல்லை. 2010-ல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது தியோமான், ரெடாங், பாயார் பகுதிகளில் 12 முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்களுக்கு மூடினார்கள். செய்ய முடிந்ததைச் செய்தார்கள் என்பேன். ஆனால் மூடப்பட்டது நீர்தான். கரையில் குழாய்கள் திறந்தே இருந்தன.

சிபாடான் வேறு பாடம் சொல்கிறது. சபாவின் செம்பூர்ணா கரைக்கு அப்பால் உள்ள அச்சிறு தீவு மலேசியாவுக்கே உரியது என்று அனைத்துலக நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. 2004 இறுதிக்குள் அங்கிருந்த விடுதிகள் எல்லாம் அகற்றப்பட்டன. பிறகு நாளொன்றுக்கு 120 அனுமதிச் சீட்டுகள் என்று வரையறுத்து, பின்னர் அதைக் கூட்டினார்கள். இரவில் பயணிகள் யாரும் தங்காததால் ஆமைகளுக்கும் கிணற்றுக்கும் நிம்மதி. நம் நாட்டில் தீவுப் பாதுகாப்பில் எடுக்கப்பட்ட மிகத் துணிவான முடிவு இதுதான் என்பது என் கருத்து. ஆனால் படுக்கைகள் மறைந்துவிடவில்லை. அண்டையிலுள்ள மாபுலுக்கும் கப்பலாய்க்கும் போயின. மாபுலில் மீனவர் குடும்பங்கள் முன்பே நெருக்கமாக வாழ்கிறார்கள், அவர்களுக்கே கழிவுநீர் வசதி போதாது. சிபாடானின் சுமை குறைந்தது, மாபுலின் சுமை ஏறியது. இன்னும் ஒரு வேடிக்கை: 2006-ல் சிபாடானின் பவளத்தின் மேல் ஏறி அதை நொறுக்கியது ஒரு பயணியும் அல்ல, கட்டுமானப் பொருள்கள் ஏற்றிவந்த ஒரு பெரிய சரக்குப் படகு. மறுபடியும் சரக்கு.

இனி இரண்டாவது கேள்வி, அது நியாயமான கேள்வி. கூட்டத்தைக் குறைக்க அரசாங்கங்களுக்குக் கைவந்த வழி விலையை ஏற்றுவது. கலாபகோஸ் 2024 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்தை 100 அமெரிக்க டாலரிலிருந்து 200 ஆக்கியது. ஆனால் தன் நாட்டு மக்களுக்கு 30 டாலர்தான். பிரேசிலின் பெர்னாண்டோ டி நோரோன்யா தீவில் தங்கும் நாள் கூடக் கூடக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அது எனக்குப் பிடித்த முறை, ஏனென்றால் தீவுக்குச் சுமை தலைக்கு அல்ல, இரவுக்குத்தான். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் நான்கு பேர் கொண்ட குடும்பத்தை நடத்தும் ஒரு செம்பனைத் தொழிலாளிக்கு விலையால் கதவை அடைப்பது அநியாயம். சிபாடானில் அனுமதிச் சீட்டுகள் உரிமம் பெற்ற நிறுவனங்கள் வழியாகவே போவதால், தனியாள் ஒருவர் முழுப் பொதியையும் விலைக்கு வாங்கித்தான் உள்ளே போக முடிகிறது. அதை நம் கிழக்குக் கரைக்கும் அப்படியே கொண்டுவர நான் ஒப்பமாட்டேன். இடங்களில் ஒரு பகுதியை உள்நாட்டவருக்கென்று ஒதுக்கி, சீட்டுக் குலுக்கிக் கொடுத்தால் தோட்டத்துக்காரருக்கும் வங்கி மேலாளருக்கும் வாய்ப்பு ஒன்றே.

ஆனால் தம்பி, ஏழையின் கால் பவளத்தை உடைக்காது என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கூட்டிப்போகும் 40 பேரில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. உயிர்காப்பு அங்கியோடு இறங்கி, வாயில் தண்ணீர் போனவுடன் பயந்துபோய்க் காலை ஊன்றுவார்கள்; ஊன்றுமிடம் பவளம். இதில் ஒருவரைக் குற்றம் சொல்ல முடியாது. கலாபகோஸில் 16 பேருக்கு ஒரு வழிகாட்டி, உங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு படகோட்டி. ஆகவே அடுத்த பயணத்தில் 40 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, நீச்சல் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு குழுவுக்கும் வைத்து, மணல் அடியுள்ள இடத்தில் முதலில் அரை மணி நேரம் மிதக்கப் பழக்கிவிட்டுப் பிறகு பவளப் பக்கம் அழைத்துப்போங்கள். விடுதியை முன்பதிவு செய்யும்போது அறை வாடகையைக் கேட்பதோடு, உங்கள் கழிவுநீர்த் தொட்டி எத்தனை பேருக்குக் கட்டப்பட்டது, எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டியை எத்தனை நாளுக்கொரு முறை வழிக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் விடுதியைத் தவிர்த்துவிடுங்கள். திறந்தவுடன் மார்ச்சில் போகாமல் ஏப்ரல் கடைசிக்குப் பிறகு போங்கள், விடுமுறைக் கூட்டம் இல்லாத வார நாளாகப் பார்த்து. கெரிக், ஜெலி வழியாக இரவெல்லாம் பேருந்தில் போகிற நீங்கள் போத்தல் தண்ணீருக்குப் பதிலாகப் பெரிய கலன்களில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுபோகலாம். காலிக் கலன்களோடு உங்கள் குப்பையையும் கட்டி கோலா பெசுட்டுக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, ரொட்டி. போட வேண்டாம். பவளத்தின் மேல் வளரும் பாசியை மேய்ந்து சுத்தம் செய்யும் வேலை கிளிமீன் போன்றவற்றுடையது. ரொட்டி போடும் இடத்தில் கோடுபோட்ட சிறு மீன்கள்தான் கூட்டமாக மொய்த்து, மற்ற மீன்களை விரட்டிவிடும். பழகிவிட்டால் பிள்ளைகளின் விரலையும் கடிக்கும். தின்னாமல் மிஞ்சிய மாவு அழுகிப் பாசிக்கு உரமாகும். பிள்ளைகள் கேட்டால், மீன் தன் வேலையைச் செய்கிற நேரம், சாப்பாட்டு நேரம் அல்ல என்று சொல்லிவிடுங்கள். ரொட்டியைப் படகிலேயே அவர்களுக்குக் கொடுத்துவிடலாம். கடலில் குளித்தெழுந்த பிள்ளைகளுக்கு எப்படியும் பசிக்கும்.